திவால் சட்டத்துக்குச் சொல்லடைவு செய்தவர்

நான் உள்ளே போனபோது அவருடைய கைகள் மேசைக்கு அடியில் வேலை செய்துகொண்டிருந்தன. மேசை விளிம்பில் ஒரு துண்டை வளையமாகச் சுருட்டி வைத்து, அதன்மேல் நெற்றியைக் கவிழ்த்திருந்தார். முகம் தரையைப் பார்த்திருந்தது. முழங்காலுக்கு முன்னால் ஒரு முக்காலி, அதன்மேல் கட்டுக் கட்டாக அட்டைகள். இடது கை ஓர் அட்டையை எடுக்கும். கட்டைவிரல் அதன் ஓரத்தைத் தடவும். வலது கை அதை வாங்கி உரிய கட்டில் செருகும். அட்டைகளின் ஓரங்களில் கத்தரிக்கோலால் வெட்டிய சின்னச் சின்ன வடுக்கள் இருந்தன. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு மேல் ஓரத்தில் வெட்டு, மற்றவற்றுக்குப் பக்கவாட்டில் என்று அவராக ஒரு முறை வைத்திருந்தார். கண்ணால் பார்க்க முடியாத நாள்களுக்காக, அறுவை சிகிச்சைக்குப் போவதற்கு முன்பே உட்கார்ந்து வெட்டி வைத்தாராம்.

"சிஸ்டரா? வாங்க" என்றார், தலையைத் தூக்காமல். "செருப்பை எங்க வேணா விடுங்க. இடறி விழ இங்க வேற ஆள் கிடையாது."

தலையைத் தூக்காதது நல்லது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வரச் சொல்லியிருந்தார்கள்.

அவருக்கு வலது கண்ணில் விழித்திரை பிய்ந்துவிட்டது. அதை ஒட்டிவிட்டு, கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை விட்டு அனுப்பியிருந்தார்கள். குமிழி எப்போதும் மேல்நோக்கிப் போகும். ஆள் குனிந்தே இருந்தால்தான் அது கண்ணின் பின்சுவருக்குப் போய், ஒட்டின இடத்தை அழுத்திப் பிடிக்கும். நிமிர்ந்தால் குமிழி நகரும், ஒட்டு விடும். ஆகவே சாப்பிடுவது, தூங்குவது, நடப்பது எல்லாமே தரையைப் பார்த்தபடிதான். டாக்டர் போதும் என்று சொல்லும்வரை அப்படித்தான். இடது கண் சிறு வயதிலிருந்தே மந்தம். பெரிய எழுத்தை மூக்குக்கு அருகில் வைத்தால் நிழல் போலத் தெரியும். எனவே அவருக்கு இருந்தது ஒரே கண். அது போனால் தொழில் போகும், தொழிலோடு இந்த இரண்டு அறை வாழ்க்கையும் போகும். கண் தேறாவிட்டால் அண்ணனைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவதாக அவருடைய தங்கை என்னிடம் போனிலேயே சொல்லிவிட்டார். அவர் ஒத்துக்கொண்டாரா என்று கேட்டேன். "ஒத்துக்க என்ன இருக்குக்கா, வேற யார் இருக்கா அவருக்கு?" என்றார் தங்கை.

அவருடைய தொழில், சட்டப் புத்தகங்களுக்குச் சொல்லடைவு தயாரிப்பது. தடித்த புத்தகத்தின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அகர வரிசையில் ஒரு பகுதி இருக்குமே, அதுதான். அதை எந்திரம் தானாகச் செய்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். சொல் எங்கே வருகிறது என்று எந்திரம் காட்டும், பொருள் எங்கே இருக்கிறது என்று ஆள்தான் காட்ட வேண்டும் என்றார். அவரிடம் கணினியும் இருந்தது. திரையைப் பார்க்கக் கூடாது என்பதால் துணி போட்டு மூடி, தொடக்க காலத்தில் செய்ததுபோல அட்டைக்குத் திரும்பியிருந்தார்.

இளம் வயதில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவராகச் சேர்ந்தவர். அங்கே அடைவு செய்துகொண்டிருந்தவர் நடுவில் வேலையை விட்டுப் போய்விட, மிச்சத்தை இவர் தலையில் கட்டினார்கள். அது ஒரு திவால் சட்டப் புத்தகம். கடனைக் கட்ட முடியாமல் நொடித்துப்போனவரை நீதிமன்றம் என்ன செய்யும், அவருடைய சொத்தை யார் எடுத்துக்கொள்வார், எதை எடுக்கக் கூடாது, எப்போது அவரை விடுவிக்க வேண்டும் என்று ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஓடுகிற புத்தகம். அதன் பிறகு, அதை வெளியிட்ட பதிப்பகம் அந்தப் புத்தகத்தைப் புதுப்பித்தபோதெல்லாம் இவர்தான் அடைவு. வேறு சட்டங்களுக்கும் செய்தார். ஆனால் கேட்டால் "நான் திவால் ஆளு" என்றுதான் சொல்வார். வீட்டுக்காரரிடம் ஒருமுறை அப்படிச் சொல்லி, அவர் பயந்துபோய் முன்பணத்தைக் கூட்டிக் கேட்டாராம்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கைக்கு முடித்துவைத்த பிறகு தனக்கு என்று பார்க்க யாரும் இல்லை, தானும் யாரிடமும் போய்க் கேட்கவில்லை என்று, பேருந்தைத் தவறவிட்டதைச் சொல்வதுபோலச் சொன்னார். வீட்டில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் புத்தகங்கள் உட்கார்ந்திருந்தன. எனக்குத் தேநீர் போட்டுக்கொள்ள இரண்டாவது டம்ளரைத் தேடி எடுத்தபோது அதன் அடியில் கடை ஒட்டிய விலைச் சீட்டு அப்படியே இருந்தது. அவருடைய குரல் காலையில் கரகரத்து, மதியத்துக்கு மேல் தெளிவாகும். தொண்டையில் நோய் ஒன்றும் இல்லை. நாள் முழுக்கப் பேசாமலே இருந்து பழகியவர்களுக்கு அப்படி ஆகும். தனியாக இருக்கும் வயதானவர்களிடம் இதைக் கேட்டிருக்கிறேன். இவர் அவ்வளவு வயதானவர்கூட இல்லை.

நான் காலையில் வந்து சாயங்காலம் போவேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவேன். கழுத்தும் தோளும் இறுகிப்போகாமல் அமுக்கிவிடுவேன். காலில் இரத்தம் உறையாமல் இருக்கக் கணுக்காலை ஆட்டச் சொல்வேன். பாலையும் தண்ணீரையும் உறிஞ்சு குழாய் போட்டுக் கொடுப்பேன். இரவில் துணைக்கு ஆள் வேண்டாம் என்று அவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால், குப்புறப் படுக்கத் தலையணைகளை அடுக்கி, முகத்துக்கு நடுவில் இடம் விட்டுக் கொடுத்துவிட்டுப் போவேன். நல்ல நோயாளி. சொன்னதைச் செய்தார். இரண்டாவது நாளே என்னிடம் ஓர் உதவி கேட்டார்.

"சிஸ்டர், சட்டப் புத்தகம் படிப்பீங்களா?"

"டாக்டருங்க கிறுக்கின சீட்டையே படிச்சிருக்கேன் சார். அச்சுல இருக்கிறதைப் படிக்க மாட்டேனா?"

துண்டு வளையத்துக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. புதிய பதிப்பின் அச்சுத் தாள்கள் வந்து காத்திருந்தன. பாதிக்கு மேல் முடித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போயிருந்தார். மிச்சத்தை நான் படிக்க, அவர் தலைச்சொல் சொல்ல, நான் அட்டையில் எழுத, அவர் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்து வெட்டு போட்டு அடுக்கினார். ஒரே பொருளுக்கு இரண்டு சொல் இருந்தால், ஒன்றின் கீழ் பக்க எண்ணைப் போடுவார். மற்றதன் கீழ் எண் இருக்காது, 'இன்னதைப் பார்க்க' என்று வழி மட்டும் இருக்கும். தேடுகிறவர் எந்தச் சொல்லோடு வருவார் என்று நமக்குத் தெரியாது, அதனால் எல்லா வாசலிலும் ஓர் ஆளை நிறுத்தி வைக்க வேண்டும் என்றார்.

கேட்பதற்கு வறண்ட வேலை. ஆனால் படிக்கப் படிக்க எனக்கே வேடிக்கையாக இருந்தது. செத்துப்போன ஆளைக்கூடத் திவாலாக அறிவிக்கலாம் என்று ஓர் அதிகாரம் இருந்தது. செத்த பிறகும் விட மாட்டார்களா என்று கேட்டேன்.

"ஆளை விட்டுருவாங்க. அவர் சாமானைத்தான் விட மாட்டாங்க" என்றார். "எழுதுங்க. இறந்தவர், கமா, சொத்து நிர்வாகம்."

தேடுகிறவர், தேடுகிறவர் என்று அவர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தேடுகிறவரை எப்போதாவது பார்த்திருக்கிறாரா என்று ஒரு மதியம் கேட்டேன். இல்லையாம். புத்தகத்தில் ஆசிரியர் பெயர் இருக்கும், பதிப்பகத்தின் பெயர் இருக்கும், அட்டைப்படம் போட்டவர் பெயர்கூட இருக்கும். அடைவு செய்தவர் பெயர் இருக்காது. அச்சகத்துச் சம்பளத்தை விட்டுத் தனியாக உட்கார்ந்ததிலிருந்து இத்தனை வருடத்தில், அடைவு நன்றாக இருந்தது என்றோ நாசமாக இருந்தது என்றோ ஓர் ஆள் சொன்னதில்லை.

"சரியா இருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க சிஸ்டர். கதவு கீல் மாதிரி. சத்தம் போட்டாத்தான் திரும்பிப் பார்ப்பாங்க."

அப்போது அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கணுக்காலை ஆட்டிக்கொண்டே சொன்னார்.

குமிழி பாதி கரைந்திருக்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்த சமயம், ஒரு நாள் முற்பகலில் பதிப்பகத்து மேலாளர் கூப்பிட்டார். வாரத்துக்கு ஒருமுறை தங்கை கூப்பிடுவதைத் தவிர அந்தப் போன் ஒலித்து நான் கேட்டது அன்றுதான். நான் எடுத்து, அவரும் கேட்கும்படி சத்தமாக வைத்தேன். மேலாளர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார். போன பதிப்பின் கோப்புகளை ஒழுங்கு செய்தபோது, வாசகர் ஒருவர் போன் செய்து குறை சொன்னதை யாரோ எழுதிவைத்திருந்தது கிடைத்ததாம். புத்தகம் வெளிவந்த புதிதிலேயே செய்யப்பட்ட போன். எழுதிவைத்த வேலையாள் விலகிப்போனதில் விஷயம் அப்படியே அமுங்கிவிட்டது. குறை சொன்னவர் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்த அம்மாள். எண் இருக்கிறது.

"அடைவுல ஒரு இடம் சரியில்லைன்னு சொல்லியிருக்காங்க. பரிசு, கொடை, ரெண்டும் ஒன்னையொன்னு பார்க்கச் சொல்லுதாம். பக்க எண் ரெண்டுலயும் இல்லையாம். புதுப் பதிப்புல பார்த்துக்கங்க சார்" என்றார் மேலாளர்.

விஷயம் இதுதான். ஒருவர் தன் தம்பிக்கோ மனைவிக்கோ ஒரு வீட்டைச் சும்மா எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு நொடித்துப்போனால், அந்த வீட்டை நீதிமன்றம் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று அந்தப் புத்தகத்தில் ஒரு பகுதி உண்டு. அதைத் தேடி 'பரிசு' என்ற சொல்லுக்குப் போனால் 'கொடை பார்க்க' என்று இருக்கிறது. 'கொடை'க்குப் போனால் 'பரிசு பார்க்க' என்று இருக்கிறது. பக்கம் எங்கேயும் இல்லை. அடைவு செய்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. முதலில் ஒரு சொல்லின் கீழ் எண்ணைப் போட நினைத்து, பாதியில் மனம் மாறி, பழைய அட்டையைக் கிழிக்க மறந்தால் இப்படி ஆகும்.

அவர் வெட்கப்படுவார், வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். போனை வைத்ததும் அவருடைய காது மடல் சிவந்திருந்தது. கைகள் முக்காலியில் சும்மா கிடந்தன.

"ஒருத்தங்க தேடியிருக்காங்க சிஸ்டர்" என்றார்.

பிறகு, "பரிசுலேருந்து கொடைக்குப் போயிருக்காங்க. அங்கேருந்து திரும்பி வந்திருக்காங்க. ரெண்டு இடத்துக்கும் போயிருக்காங்க பாருங்க."

அந்த அம்மாளிடம் பேச வேண்டும் என்றார். எண்ணை அழுத்தட்டுமா என்று கேட்டேன். உடனே வேண்டாம், முதலில் பழைய பதிப்பை எடுத்து அந்த இரண்டு வரியையும் பார்க்க வேண்டும் என்றார். தன் கண்ணால் பார்க்காத பக்கத்தைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்க மாட்டார். அது அவர் தொழிலின் ஒழுக்கம். நான் படிக்கிறபோதுகூட, எண்ணை மூன்று தடவை சொல்லச் சொல்வார்.

பழைய பதிப்பு அலமாரியின் உச்சித் தட்டில் இருந்தது. எனக்கு எட்டாது, நாற்காலி போட வேண்டும். சொட்டு மருந்து அன்று காலையோடு தீர்ந்திருந்தது. மதியச் சொட்டு தவறக் கூடாது. மருந்துக் கடைக்குப் போய் வந்து எடுத்துத் தருகிறேன், மூக்கருகில் வைத்துக் காட்டுகிறேன், அதுவரை குனிந்தே இருங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சரி என்றார். அந்தச் 'சரி'யை நான் நம்பியிருக்கக் கூடாது. துக்கத்தில் இருக்கும் நோயாளி படுத்த இடத்தில் கிடப்பார். சந்தோஷம் வந்தவரைத்தான் கட்டிவைக்க வேண்டும்.

மருந்துக் கடையில் அந்தச் சொட்டு இல்லை. அடுத்த தெருக் கடைக்குப் போனேன். அங்கே எனக்கு முன்னால் நின்றவர் தன் மாமியாருக்கு வாங்க வந்த மாத்திரையின் பெயர் தெரியாமல், அதன் நிறத்தைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பிவந்து கதவைத் தள்ளினேன்.

நாற்காலியின் மேல் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் உச்சித் தட்டில். தலை பின்னால் சாய்ந்து, முகம் கூரையைப் பார்த்தபடி இருந்தது. செய்யவே கூடாதது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். விரல்கள் புத்தகங்களின் முதுகை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போயின. கத்தவில்லை நான். கத்தினால் விழுந்துவிடுவார். நேராகப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"கிடைச்சுடுச்சு" என்றார்.

"தலையைக் குனிங்க சார்."

குனிந்தார். புத்தகம் கையில் இருந்தது. இறக்கி உட்காரவைத்து நெற்றியைத் துண்டில் கவிழ்த்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று கேட்டேன். இப்போதுதான் ஏறினேன் என்றார். தட்டிலிருந்த தூசி அவருடைய சட்டைக் கை முழுவதும் அப்பியிருந்தது. பக்கத்துத் தட்டுப் புத்தகங்களும் இடம் மாறியிருந்தன. இப்போதுதான் ஏறியவர் கை அப்படி இருக்காது. ஆன பிறகு திட்டுவது வைத்தியத்தில் சேராது. கண்ணை மூடியிருந்த கவசத்தை எடுத்துப் பார்த்தேன், சொட்டு விட்டேன், மருத்துவமனைக்குப் போன் செய்து சொன்னேன். வலி இருக்கிறதா, ஒளி மின்னுகிறதா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் அவர். அப்படியானால் மறுநாள் காலையில் கூட்டி வாருங்கள் என்றார்கள்.

புத்தகத்தை அவர் மூக்குக்கு அடியில் விரித்துப் பிடித்து, பூதக்கண்ணாடியை இடது கண்ணுக்கு முன்னால் பிடித்துக் கொடுத்தேன். ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து என்று பொறுக்கிப் பொறுக்கிப் படித்தார். தவறு இருந்தது. புதிய அட்டைகளைத் தேடச் சொன்னார். அங்கேயும் அதே இரண்டு அட்டைகள், அதேபோல ஒன்றையொன்று காட்டிக்கொண்டு. பழையதைப் பார்த்துப் பிரதி எடுத்தபோது தவறும் சேர்ந்து வந்துவிட்டது. அச்சுத் தாள்களில் அந்தப் பகுதியைத் தேடிப் படிக்கச் சொல்லி, 'கொடை'யின் கீழ் பக்க எண்ணை எழுதவைத்தார். பிறகுதான் அந்த அம்மாளைக் கூப்பிடச் சொன்னார். நான் எண்ணை அழுத்தி, போனை முக்காலிமேல் வைத்தேன்.

"யாரு?" என்றது ஒரு கனத்த குரல்.

அவர் தொண்டையைச் செருமினார். "நான்தான் அந்தத் திவால் புத்தகத்துக்கு அடைவு செஞ்சவன். பரிசு, கொடைன்னு நீங்க ஒரு குறை சொல்லியிருந்தீங்க."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நீங்கதானா அது? உங்களை நேர்ல பார்த்தா நல்லா நாலு கேக்கணும்னு வச்சிருந்தேன்."

"கேளுங்கம்மா."

"பரிசுன்னு போனா கொடைக்குப் போங்கறீங்க, கொடைக்குப் போனா பரிசுக்குப் போங்கறீங்க. நான் என்ன செக்குமாடா? எங்க வக்கீலய்யா உள்ளேருந்து பக்கம் என்ன, பக்கம் என்னன்னு கத்துறார். நான் வெளியில நின்னு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிக்கிட்டே இருக்கேன். கட்சிக்காரர் வேற உக்காந்து என் மூஞ்சியையே பாக்குறார்."

அவருடைய தோள்கள் குலுங்கின. வலிக்கிறதோ என்று கையை வைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எங்க கண்டுபிடிச்சேன். முழுப் புத்தகத்தையும் முதல்லேருந்து புரட்டினேன். சாயங்காலம் ஆயிடுச்சு." குரல் கொஞ்சம் இறங்கியது. "மத்ததெல்லாம் சரியாத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. தினம் அதைத்தான் புரட்டுவேன். வேலையை விட்டு வர்றப்போ அந்த அடைவுப் பக்கங்கதான் அழுக்கா இருந்தது, மத்தது எல்லாம் புதுசா இருந்தது."

அந்த அம்மாளே தொடர்ந்து, இப்போது சட்டமும் இல்லை கிட்டமும் இல்லை, மகள் வீட்டில் இருப்பதாகவும், அடுப்பில் பால் வைத்திருப்பதாகவும், இந்தத் தடவையாவது சரியாகப் போடும்படியும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இவருடைய பெயரைக் கேட்கவில்லை. இவரும் அந்த அம்மாளின் பெயரைக் கேட்கவில்லை. போன் அணைந்த பிறகும் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அன்று மாலை அட்டை வேலை எதுவும் நடக்கவில்லை. நான் கிளம்பும்போது, அடைவுப் பக்கங்கள்தான் அழுக்காக இருந்தனவாம் என்று, நான் கேட்காததுபோல எனக்கு மறுபடியும் சொன்னார்.

மறுநாள் மருத்துவமனையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவர் மட்டும் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா கண்ணைத் திறந்து விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, இன்னொருவரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒட்டு விட்டிருந்தது. ஓரத்தில் மட்டும் இல்லை, எழுத்துப் படிக்க வேண்டிய நடுப்பகுதியிலும். இன்னோர் அறுவை செய்யலாம். வெளிச்சமும் ஆள் உருவமும் மிஞ்சும். அச்செழுத்து இனி இல்லை.

நாற்காலியில் ஏறியதை நான் டாக்டரிடம் சொன்னேன். மறைத்து வைத்தியம் பார்க்க முடியாது. அதனாலும் இருக்கலாம், ஒழுங்காகக் குனிந்தே இருந்தவர்களுக்கும் இப்படி ஆவது உண்டு, இரண்டில் எது என்று சொல்ல வழி இல்லை என்றார். அடுத்த அறுவைக்கு வாரக் கடைசியில் தேதி கொடுத்தார். அதுவரை குனிய வேண்டுமா என்று கேட்டேன். இப்போது குனிந்து பயன் இல்லை என்றார்.

வண்டியில் வரும்போதும் பழக்கத்தில் குனிந்தே உட்கார்ந்திருந்தார். நிமிரலாம் சார் என்று இரண்டு தடவை சொன்னேன். பாதி வழி போன பிறகு கேட்டார்.

"அந்தப் போன் வராம இருந்திருந்தா கண்ணு நின்னிருக்குமா சிஸ்டர்?"

"தெரியாது சார்."

"வந்தது நல்லதுதான்னு சொன்னா திட்டுவீங்க."

"திட்டுவேன்."

"அப்ப சொல்லல" என்றார்.

தங்கைக்கு நான்தான் சொன்னேன். அன்று மாலையே ஒரு காலிப் பெட்டியோடு வந்துவிட்டார். அழுதார், அண்ணனைத் திட்டினார், பிறகு மறுபடியும் அழுதார். மறுநாள் மதியம் தன் ஊருக்குப் போகும் வண்டிக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது, அங்கேயே நல்ல மருத்துவமனை இருக்கிறது, தேதியை மாற்றிக்கொள்ளலாம், சமையலறையை ஒட்டிய அறையை ஒழித்துவைத்திருக்கிறேன் என்றார். அவர் மறுத்துப் பேசுவார் என்று பார்த்தேன். எதற்கும் சரி என்றார். பிடிவாதக்கார நோயாளி எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லத் தொடங்கினால் எனக்குப் பிடிக்காது. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். குப்புறப் படுக்க வேண்டியதில்லை என்பதால் தலையணைகளைப் பிரித்து எடுத்துவிட்டேன்.

தங்கை என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். "சின்ன வயசுலேருந்தே இப்படித்தாங்க்கா. நான் பேசுவேன், இவர் ம்னு சொல்லுவார். என்ன நினைக்கிறார்னே தெரியாது. இத்தனை நாள் நீங்க ரெண்டு பேரும் என்னதான் பேசினீங்க?"

திவாலைப் பற்றிப் பேசினோம் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். உள்ளே அவர் இருமுவது கேட்டது. தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கும்வரை படியில் நின்றுவிட்டு இறங்கினேன். என் வேலை அன்றோடு முடிந்தது. மறுநாள் நான் வரத் தேவையில்லை என்று தங்கை சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்குப் போனேன். அச்சுத் தாள்களில் கடைசி அதிகாரம் மிச்சம் இருந்தது. நீதிமன்றக் கட்டணங்கள், படிவங்களின் எண்கள் என்று உப்புச் சப்பில்லாத அதிகாரம். தங்கை துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து, முகம் கழுவாமல், கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். முகத்தைத் துடைத்துவிட்டேன், சொட்டு விட்டேன், சட்டையை மாற்றச் சொன்னேன். மேசை விளிம்பிலிருந்த துண்டு வளையத்தை எடுத்துத் துவைக்கப் போட்டேன். நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்து, முக்காலியிலிருந்த அட்டைகளை மேசைமேல் எடுத்து வைத்தேன். முதுகை நாற்காலியில் சாய்த்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் நினைத்திருந்ததைவிட உயரமான மனிதர்.

"வண்டிக்கு நேரமாகும்" என்றார் தங்கை.

"ஆகட்டும்" என்றார் அவர். குரல் இன்னும் தெளியவில்லை. "படிங்க சிஸ்டர்."

படித்தேன். தலைச்சொல் சொன்னார், எழுதினேன், எண்ணை மூன்று தடவை சொன்னேன். கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி, ஓரத்தைத் தடவி, வெட்டு போட்டார். மூன்றாவது தாளில், கட்டணம் என்ற சொல்லுக்குப் பதிலாக ஒருவர் செலவு என்று தேடி வந்தால் என்ன செய்வது என்று யோசித்து, அதற்கும் ஓர் அட்டை போட்டார். அதைக் கட்டணம் என்ற அட்டையோடு சேர்த்துப் பிடித்து, இரண்டையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒன்றில் வழி இருந்தது, மற்றதில் எண் இருந்தது. தங்கை மடிப்பதை நிறுத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் தாள் முடிந்ததும் அட்டைகளைக் கட்டுக் கட்டாகப் பெட்டியில் வைத்து மூடி, நூல் கயிற்றால் குறுக்கே கட்டினேன். அவர் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னொரு முடிச்சு போடச் சொன்னார். போட்டேன்.